அக்கா மறந்துபோன சைன்

பிளஸ் டூ பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் காரிமங்கலம் பேங்கிலிருந்து ஓர் அதிகாரி எங்கள் பள்ளிக்கு வந்தார். படிப்பு முடித்துப் போகிற பிள்ளைகளுக்குப் பேங்கு பழக்கம் வேண்டும் என்று வெகுநேரம் பேசினார். கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். பணம் கட்ட சலான், எடுக்க ஒரு சீட்டு, வெளியூர்க் கல்லூரிக்குக் கட்ட டிராப்டு. கடைசியில் அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் எழுந்து பதில் சொன்னது நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா மகள் தாவணி ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை முடிந்ததும் கணக்குத் தொடங்கியது அவளுக்கு.

என்னைவிடச் சில மாதம்தான் மூத்தவள். அதற்கே அக்கா என்று கூப்பிட வேண்டும். பெரியப்பாவின் கிணற்றில் தண்ணீர் இருந்தது. மல்பெரி போட்டு, பட்டுப்புழு வளர்த்து, கூடு விற்ற பணத்தில் மகளுக்கு ஜம்மென்று ஒரு கணக்கு. எங்கள் காடு மழையை நம்பிய காடு, சாமையும் கொள்ளும்தான். எனக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"நம்ம வூட்டுக்கு வர்ற காசு சந்தைச் செலவுக்கே பத்தல. இதுல பேங்குல போயி என்னத்தப் போடறது?" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கணக்குத் தொடங்கிய அன்று துணைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். மாதிரிக் கையெழுத்து அட்டையை நீட்டி, "எப்பவும் இதே மாதிரிதான் போடணும், யோசிச்சுப் போடுங்க" என்றார் அதே அதிகாரி. அக்கா எங்கே யோசித்தாள்? எங்கள் தலைமையாசிரியை போடுவது போல இங்கிலீஷில் முதலெழுத்தைப் பெரிதாகச் சுழித்து, அதன் வாலைப் பெயர் முழுவதற்கும் அடியில் இழுத்து, முடிவில் இரண்டு புள்ளி வைத்தாள். எனக்கே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது, அவ்வளவு அழகு. அன்று சாயங்காலம் என் ரஃப் நோட்டிலும் ஒன்று போட்டுத் தந்தாள். "எப்பிடி என் சைன்?" என்று பீற்றல் வேறு.

அந்த சைனை நான் கற்றுக்கொண்டேன். பெரியப்பாவின் புழுக் கொட்டகையில் தழை போடும் வேலை எனக்கு. அந்தக் கூலி அம்மா மாசாமாசம் கட்டும் ஏலச்சீட்டுக்குப் போய்விடும். புழுத் தட்டில் விரிக்கும் செய்தித்தாளின் ஓரத்தில் அவள் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். மேலே தழையைப் பரப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. எதற்காகப் போட்டேன் என்று கேட்டால், எனக்கென்று ஒரு சைன் போட இடமில்லையே, அதற்காகத்தான். திருடும் எண்ணம் துளியும் இல்லை. அந்த வால் என் கையில் அவளைவிட நன்றாகவே வந்தது. அவளோ கையெழுத்தைத் தலைப்பின்னல் மாதிரி நினைத்துக்கொண்டு, கண்ட காகிதத்தில் தினம் ஒரு தினுசாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

சேலத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. மார்க்கு எனக்குத்தான் அதிகம். இதைச் சொல்லாமல் விட இன்றும் எனக்கு மனசு வரவில்லை. மறுநாளைக்குள் டிராப்டைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். பெரியப்பா கூடு விற்க தர்மபுரி போயிருந்தார். நாங்கள் இருவர் மட்டும் பஸ் ஏறி பேங்குக்குப் போனோம்.

அக்கா சீட்டில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். அதிகாரி அட்டையை எடுத்துப் பார்த்தார். "ஒத்துப் போகலியேம்மா" என்றார். இன்னொன்று போட்டாள். அது முதலாவதோடும் சேரவில்லை, அட்டையோடும் சேரவில்லை. மூன்றாவதில் புள்ளியே இல்லை.

"அறிமுகம் பண்ணினவரையாவது கூட்டிட்டு வாங்க. ரெண்டு மணிக்கு கவுண்டர் மூடிருவோம்" என்றார். அறிமுகம் செய்த ரைஸ் மில்காரரோ பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். "என் சைன் எனக்கே மறந்து போச்சுடி. சேலத்து எடம் போயிருச்சுன்னா அப்பா என்னைய வூட்லயே உக்கார வெச்சிருவாரு."

உள்ளதைச் சொல்கிறேன், என் வயிறு குளிர்ந்தது. வீட்டில் உட்காரட்டுமே, நான் உட்காரவில்லையா? ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், இருவரும் சரிசமமாகிவிடுவோம். அவள் பஸ் டிக்கெட்டின் பின்னால் மறுபடி மறுபடி கிறுக்கிக்கொண்டிருந்தாள். வாலை ஒவ்வொரு தடவையும் மேலிருந்து இழுத்தாள். அது கீழிருந்து வளைந்து வர வேண்டும். அந்த அழகான கையெழுத்தை அவள் அப்படிப் பாழாக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பேனாவைப் பிடுங்கினேன்.

"இப்பிடிக்கா" என்று ஒரே இழுப்பில் போட்டுக் காட்டினேன். சுழி, வால், இரண்டு புள்ளி.

அவள் அழுகை நின்றது. டிக்கெட்டைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எப்படித் தெரியும் என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. பேனாவை வாங்கி நான் போட்டதைப் பார்த்துப் பார்த்துப் பழகினாள். கை படிந்ததும் டிக்கெட்டைச் சுக்குநூறாகக் கிழித்துத் தாவணியில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

இந்தத் தடவை அதிகாரி அட்டையையும் சீட்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். கவுண்டர் மூடுவதற்கு முன்னால் டிராப்டு கைக்கு வந்துவிட்டது. அவள் வாய் நிறைய நன்றி சொல்லப் போகிறாள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று தயாராக நின்றேன்.

அக்கா அதிகாரியிடம் திரும்பினாள். "சார், சைனை மாத்திக்கலாமுங்களா?"

"இப்பத்தானம்மா சரியா போட்டீங்க."

"இல்லீங்க சார், மாத்தணும். இன்னிக்கே."

அவர் சலித்துக்கொண்டே ஒரு விண்ணப்பமும் புது அட்டையும் கொடுத்தார். பழைய கையெழுத்தைப் பிசகாமல் ஒரு தரம் போட்டாள். புது அட்டைக்கு வந்ததும் பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள். பரீட்சை ஹாலில் பேப்பரை மறைப்பது போல இடது கையைக் குறுக்கே வளைத்து வைத்தாள். பள்ளியில் அத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நாளும் அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.

"நீ போயி பஸ் வருதான்னு பாரு" என்றாள், தலை நிமிராமலே.