டிவியில் பேர் வெட்டிய கதை

ஒரு டிவியைக் கெடுக்க வேண்டுமானால் அதைக் கீழே போட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், குறைந்தபட்சம் பந்தையாவது எறிய வேண்டும். நான் இவை எதையும் செய்யவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கெடுத்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. அதற்குப் பிறகும் உட்கார்ந்தபடி பல காரியங்களைக் கெடுத்திருக்கிறேன். அந்த நேர்த்தி மட்டும் திரும்பக் கூடி வரவில்லை.

சரவணம்பட்டியில் நாங்கள் கட்டிய புது வீட்டின் விழாவுக்கு, ஆனைமலையில் தென்னந்தோப்பு வைத்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சீர் கொண்டுவந்தார். பழத்தட்டு, தேங்காய்த் தட்டு, புடவைத் தட்டு என்று வரிசையாக வந்த பெண்களுக்குப் பின்னால், நாலு பேர் தூக்கிவர, ஒரு பெரிய பிளாஸ்மா டிவி. அம்மாவின் கழுத்து அன்று இரண்டு அங்குலம் உயர்ந்தது. அதை இறக்கிவைத்தவள் என் அத்தை, அப்பாவின் அக்கா. டிவியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "பெருசாத்தான் இருக்குது. தோப்புக்காரருக்குப் புதுசு பழசு பாத்து வாங்கத் தெரியுமாக்கும்?" என்றாள்.

ஒரு மாதத்தில் விழாவின் டிவிடி வந்தது. மாமா தட்டை நீட்டும் காட்சியில், வீடியோக்காரர் திரையின் கீழே கொட்டை எழுத்தில், பளிச்சென்ற வெள்ளையில், 'தாய்வீட்டுச் சீர்' என்று போட்டிருந்தார். வீடு பார்க்க வருகிற ஒவ்வொருவருக்கும் அந்தக் காட்சியைக் காட்டுவது என் பொறுப்பு என்று அம்மா உத்தரவிட்டாள். ஒவ்வொரு முறையும் கணபதி ஹோமத்திலிருந்து ஓட்டிக்கொண்டுவர எனக்குப் பொறுமை ஏது? அந்த இடத்திலேயே நிறுத்திவைத்தேன். எங்கள் டிவிடி பிளேயரும் என்னைப் போலத்தான், நிறுத்தினால் அசையாது. காலையில் தட்டை நீட்டிய மாமா சாயங்காலம்வரை நீட்டியபடி நிற்பார். வந்தவர்கள் பார்ப்பார்கள், காபி குடிப்பார்கள், போவார்கள். இப்படி ஒரு வாரம். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

எட்டாம் நாள் செய்தி போட்டோம். செய்தி வாசிப்பவரின் குறுக்கே, சாம்பல் நிறத்தில், 'தாய்வீட்டுச் சீர்'. சேனலை மாற்றினோம். கிரிக்கெட் மைதானத்தில் தாய்வீட்டுச் சீர். சோப்பு விளம்பரத்தில் தாய்வீட்டுச் சீர். யாரோ ஒரு தலைவரின் இறுதி ஊர்வலத்திலும் அதே சீர்.

மெக்கானிக் வந்து பார்த்தார். "பர்ன் ஆயிப் போச்சுங்க அக்கா."

அம்மா டிவியின் பின்பக்கம் போய் முகர்ந்து பார்த்தாள். "தீஞ்ச வாசமே வரலீங்களே?"

"அந்த பர்ன் இல்லீங்க. ஒரே படத்த நாள்கணக்கா நிறுத்திப் போட்டிருக்கீங்க. பிளாஸ்மாவுல அது அப்படியே பதிஞ்சு போயிருச்சு. இனி அழியாதுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். முதுகைத் தயார்செய்து வைத்திருந்தேன், அவள் அடிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம நங்கையா வாராங்க," என்றாள். அத்தையை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். "என்ற தம்பி பழச வாங்கித் தலைல கட்டிப்போட்டான்னு ஊரெல்லாம் சொல்லிப்போடுவாங்க."

அவள் கண் கலங்கியது. அதற்கு நாலு அடி வாங்கியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்து அமர்ந்ததும் என்னிடம், "டிவியப் போடு அம்மணி," என்றாள்.

"கரண்டு இல்லீங்க அத்தை."

அத்தை தலைக்கு மேலே பார்த்தாள். "அப்ப இந்த ஃபேன் வேண்டுதலுக்குச் சுத்துதா?" ரிமோட்டை அவளே எடுத்து அமுக்கினாள். திரை வெளிச்சமானது. அம்மா காபித் தம்ளரோடு சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினாள். "தாய்... வீட்டுச்... சீர். இதென்ன கூத்து?"

"பேர் வெட்டுனதுங்க அத்தை," என்றேன். என் வாய் என்னைக் கேட்டுத் திறப்பதில்லை. "சீர்ப் பாத்திரத்துல பேர் வெட்டுவாங்கல்ல, அந்த மாதிரி. மாமா கடைல சொல்லி வெட்டி வாங்கினாருங்க. டிவி ஓடுறப்பத்தான் தெரியும். புதுசுக்கு மட்டுந்தான் வெட்டுவாங்க. பழசுக்கு வெட்டுனா கண்ணாடி ஒடஞ்சு போயிருமாம்."

அப்பா செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். காகிதம் குலுங்கியது.

அத்தை எழுந்துபோய் எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். "தொடச்சாப் போயிராதா?"

"சென்மத்துக்கும் போகாதுன்னு மெக்கானிக்கே சொல்லிட்டாருங்க!"

அம்மாவுக்குப் புரையேறியது. அத்தை அதைக் கவனிக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, செய்தி முடிந்து விளம்பரம் வந்த பிறகும் திரையின் கீழ்ப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள்.

"ஏன் தம்பி, நான் ஊடு கட்டுனப்ப உனக்கு இந்தக் கடை தெரியாமப் போச்சா?"

காகிதம் குலுங்குவது நின்றது. அம்மா காபியை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு, என்றும் இல்லாத வழக்கமாக அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

நான் கொல்லைப்புறம் ஓடி வயிறு வலிக்கச் சிரித்தேன். ஊரையே ஏய்க்கும் அத்தையை ஏய்த்துவிட்டேன். அவளோ அப்பாவிடம் பிளாஸ்மா டிவி கேட்கிறாள்! பள்ளி திறந்ததும் இந்தக் கதையை வகுப்பு முழுவதற்கும் நடித்துக் காட்டினேன்.

அத்தை வீட்டுக் கூடத்தில் எங்களுடையதைவிடப் பெரிய டிவி ஏற்கெனவே இருந்தது. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அதன் முன்னால்தான் படுத்துக் கிடப்பேன். அதை அவளே கடைக்குப் போய் வாங்கிக்கொண்டாள் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தும், அன்று அவள் கேட்டது டிவி என்றுதான் நினைத்தேன்.