பிளீச்சிங் பவுடர் போட்ட தொட்டி

கண்ணுக்கே தெரியாத கிருமிகள் என்னை மட்டாஞ்சேரியில் கட்டிப்போட்டிருந்தன. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். கணவனும் மகளும் கோயம்புத்தூரில், நான் இங்கே ஒரு சாக்கடைத் தொட்டிக்குக் காவல். சுக்கு குடோன்களுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டி, சுற்றிலும் மதில் வைத்த சின்ன கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் அது. நான் அங்கே கெமிஸ்ட்.

சாக்கடைத் தண்ணீரில் இருக்கும் அமோனியாவும் பாஸ்பரஸும் அப்படியே காயலுக்குப் போனால் ஆகாயத்தாமரை தின்று கொழுத்து வாய்க்காலை அடைத்துவிடும். அதைக் கிருமிகளை விட்டே தின்ன வைப்பதுதான் எங்கள் வேலை. பிறகு பாஸ்பரஸை வெள்ளைக் கல்லாகப் பிரித்து உரமாக விற்கலாம் என்பது கம்பெனி எஞ்சினியரின் கனவு. கனவு காண அவருக்கென்ன, கோயம்புத்தூரில் ஏசி அறையில் இருக்கிறார். இங்கே முதலில் கிருமி வளர வேண்டுமே.

வேறொரு நிலையத்திலிருந்து லாரியில் கறுப்புச் சேறு கொண்டுவந்து தொட்டியில் கொட்டினோம். வெல்லம் கரைத்து ஊற்றினோம். அழுக்கைத் தின்னும் கிருமிகள் சட்டென்று பெருகிவிட்டன. அமோனியாவைத் தின்பவை இருக்கின்றனவே, அவை புது மாப்பிள்ளை மாதிரி. காற்று குறைந்தால் கோபம், புளிப்பு ஏறினால் கோபம். வேலியேற்றத்தில், அதாவது கடல் பொங்கி ஏறும் நேரத்தில், காயல் உப்புத் தண்ணீர் ஓடை வழியாக உள்ளே வந்துவிட்டால் சாப்பாட்டையே நிறுத்திவிடும். பெருகுவதோ ஆமை வேகம். இவற்றைத் தாங்கித் தாங்கியே எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

நிலையம் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் ஒப்படைத்துவிட்டு வரலாம், கோயம்புத்தூர் லேபில் வேலை தருகிறோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. நடுவில் விட்டுப்போனால் அந்த வேலை கிடையாது. ஜூனில் மகளுக்கு எல்கேஜி. முதல் நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலில் நான் நிற்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. என் முதல் நாளில் அம்மா என்னோடு வரவில்லை. கார்ப்பரேஷனில் தெரு பெருக்கும் வேலை அவளுக்கு. விடியும் முன்பே போய்விடுவாள். பக்கத்து வீட்டு சேச்சிதான் என்னை இழுத்துக்கொண்டு போனார். என் மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்று அவள் பிறந்த அன்றே முடிவு செய்திருந்தேன்.

மே கடைசியில் அமோனியா இறங்கியது. நாளுக்கு நாள் இறங்கியது. ஒப்படைப்புக்கு முன்னால் பெரிய அதிகாரிகள் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அதற்கு முந்தின நாள் பார்த்து ஆப்ப சோடா தீர்ந்துபோனது. அமோனியாவைத் தின்னத் தின்னத் தண்ணீர் புளிக்கும், சோடா போட்டுத்தான் சரிக்கட்ட வேண்டும். நான் இங்கே தங்கியிருந்தது அம்மா வீட்டில்; அவள் அப்போதுதான் எனக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். பம்ப் ஓட்டும் சேட்டன் பம்ப் ரூமில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் இரும்மா, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நானே சோடா மூட்டை வாங்க பிராட்வே கடைத்தெருவுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது கேட்டிலிருந்து தொட்டி வரைக்கும் இருபுறமும் நேர்கோடாக வெள்ளைப் பொடி. யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் ஊரில் ரோட்டோரம் இப்படித்தான் பிளீச்சிங் பவுடர் கோடு போடுவார்கள். ஆயுசு முழுக்க அம்மா போட்ட கோடு அது. சுத்தமாகி வெளியே போகும் தண்ணீரில் கலப்பதற்காக நாங்கள் வைத்திருந்த மூட்டையை அவள் பிரித்திருந்தாள்.

கோட்டோடு நிறுத்தியிருந்தால் தப்பித்திருப்பேன். "தொட்டியில ஒரே நாத்தம் மோளே. ஆப்பீஸர்மார் வர்ற இடமா இது? தண்ணியில நல்லா கலக்கி பக்கெட் பக்கெட்டா ஊத்தியிருக்கேன். இப்ப மோந்து பாரு" என்றாள். முகமெல்லாம் பூரிப்பு. புடவையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள், வேலை பார்த்த காலத்தில் செய்வதுபோல.

ஓடிப்போய் ஆக்ஸிஜன் மீட்டரைப் பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் விடும் காற்று அதே அளவுதான். அதை இழுத்து மூச்சுவிட உள்ளே ஆளில்லை. சோடா மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"என்ன, கோடு வளைஞ்சிருச்சா?" என்று அம்மா கேட்டாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அது வரவில்லை. "இல்லம்மா, நேராத்தான் இருக்கு" என்றேன்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். துளி நாற்றம் இல்லையே என்று ஒருவர் மூச்சை நன்றாக இழுத்துப் பாராட்டினார். சாயா குடித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் அமோனியா பழைய அளவுக்கு ஏறியது. எஞ்சினியர் போனில், "மறுபடியும் சேறு கொண்டுவரச் சொல்றேன். முதல்லேர்ந்து ஆரம்பிங்க மேடம். இது செட் ஆகாம உங்களை விட முடியாது" என்றார். கிளம்புவதற்காக நான் ஒரு பைக்குள் துணிகளை மடித்து வைத்திருந்தேன். அந்தப் பையை உதைக்க வேண்டும் போலிருந்தது. உதைத்தேன்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. சேட்டன் சொல்லிவிட்டார். மழை தூறிக்கொண்டிருந்த மத்தியானம் குடையோடு வந்து தொட்டி ஓரத்தில் நின்றாள்.

"எல்லாம் செத்துப்போச்சா?"

"முக்கால்வாசி."

"திரும்ப வளருமா?"

"வளரும். ஸ்கூல் தொறக்குறதுக்குள்ள வளராது."

அம்மா குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். "நீ போடி. நான் இங்க கெடந்து பாத்துக்கறேன். என்ன ஊத்தணும், எப்ப ஊத்தணும்னு மட்டும் சொல்லு."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கோபமும் கூடவே வந்தது. "நீ ஊத்தினது போதும்மா" என்று கத்தினேன். அவள் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள். அவள் முதுகு நனைந்தது.

பள்ளி திறக்கும் நாளில் மகளின் அப்பாவுக்குக் காலை ஷிப்ட். அதனால் அம்மாவை அனுப்புவதென்று முடிவானது. வைட்டிலா பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். நான் உட்கார்ந்திருக்க வேண்டிய ஜன்னலோரத்தில், மடியில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பஸ் எடுக்கும் வரை என் முகத்தைப் பார்க்கவேயில்லை. நானும் கீழே நின்றபடி அடுத்த பஸ்ஸின் போர்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலையில் நல்ல மழை. உப்பும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தண்ணீர் விட வேண்டியிருந்தது. தொட்டியை விட்டு நகர முடியவில்லை. மீட்டர் பக்கத்தில் நின்ற சேட்டன் கூப்பிட்டார்.

"மேடம், எறங்குந்நுண்டு. ஜீவன் வச்சு."

ஆமாம், ஆக்ஸிஜன் கொஞ்சம் இறங்கியிருந்தது. உள்ளே யாரோ மூச்சுவிட ஆரம்பித்திருந்தார்கள். எத்தனை நாள் காத்திருந்தேன் அதற்கு. சந்தோஷப்படலாமா என்று யோசிப்பதற்குள் போன் அடித்தது. அம்மா. பின்னால் ஒரே பிள்ளைகளின் கூச்சல். அதற்குள் என் மகளின் அழுகை எனக்குத் தனியாகக் கேட்டது.

"உள்ள போக மாட்டேங்குறா. உன்னத்தான் கேக்குறா" என்றாள் அம்மா.

"என்னம்மா சொன்னே?"

"என்ன சொல்றது. அம்மா வேலைக்குப் போயிருக்கா, சாயந்தரம் வந்துருவான்னு சொன்னேன்."

என் முதல் நாளில் பக்கத்து வீட்டு சேச்சி என்னிடம் சொன்னதும் அதுதான். சொல்லச் சொல்லிவிட்டுப் போனவள் அம்மாதான். ஆனால் என் அம்மா சாயங்காலம் வந்துவிட்டாள்.