வெளியேறினரா, வெளியேற்றப்பட்டனரா

மரியம் மன்னார்த் தீவிலிருந்து நானாட்டானுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வரும் கந்தோர் எழுதுவினைஞர். வயது நாற்பத்தெட்டு. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற வகையான இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றின் தமிழ்ப் பகுதிக்கு அவள் ஏழு வருடமாக நிருவாகி என்பது பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ஒரு சொல்லுக்காக இரண்டு பேர் பிடுங்குப்பட்டால், பக்கத்தைப் பூட்டி, இருவர் நியாயத்தையும் படித்து, எந்தச் சொல் நிற்பது என்று எழுதுவது அவள் பொறுப்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையால் சோறு குழைத்தபடி மறு கையால் அதைச் செய்வாள்.

அப்படிப் பிடுங்குப்படும் ஆட்களை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. வன்னிவேழம் என்று பெயர் வைத்துக்கொண்டவர் சிட்னியில் இருந்தார். நேர்கோல் சென்னைக்காரர். டிராக்டரை 'உழவு இயந்திரம்' என்பதா 'இழுவை' என்பதா என்று இருவரும் பத்தொன்பது நாள் மல்லுக்கட்டினார்கள். கந்தோர் ஜன்னலுக்கு வெளியே அது தடதடவென்று போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவனைக் கேட்டால் 'மிசின்' என்பான். இரண்டு சொல்லையும் போடுங்கள் என்று மரியம் முடிவு எழுதினாள். எது முன்னால் வருவது என்று இன்னும் நான்கு நாள் இழுத்தார்கள். விடிந்தால் வேறு வேலையில்லாத பிறவிகள் என்று நினைத்துக்கொண்டாள்.

போன வைகாசியில் அதே இருவரும் தீவிலுள்ள ஓர் ஊரைப் பற்றிய பக்கத்தில் மோதினார்கள். '1990 ஒக்டோபரில் இவ்வூர் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர்' என்றிருந்ததை வன்னிவேழம் 'வெளியேறினர்' என்று மாற்றினார். நேர்கோல் பழையபடி ஆக்கினார். ஒரு கிழமைக்குள் முப்பத்தொரு தடவை அந்த வரி மாறியது.

அது மரியத்தின் ஊர்.

அவள் பக்கத்தைப் பூட்டிவிட்டு இருவர் வாதத்தையும் படித்தாள். 'வெளியேறினர் என்பது யாரையும் நோகடிக்காத நடுநிலையான சொல்' என்று எழுதியிருந்தார் வன்னிவேழம். அந்த மனிதரின் நடுநிலை அவளுக்கு அருவருத்தது. அவளுக்காகப் பேசிய நேர்கோலையும் அவளால் பொறுக்க முடியவில்லை. செயப்பாட்டுவினைக்கு இலக்கணம் சொல்லிப் பதினொரு பந்தி. நடுவில், அந்த மக்கள் காடு வழியே நடந்தே போனார்கள் என்று ஒரு கண்ணீர் வரி.

அவர்கள் நடக்கவில்லை. வள்ளத்தில் போனார்கள். அப்போது மரியத்துக்குப் பதினான்கு வயது. ஊரைவிட்டுப் போகச்சொல்லி ஆயுதம் தூக்கிய இயக்கத்தின் ஒலிபெருக்கியில் வந்த கட்டளைக்குப் பிறகு, பையில் அதிகம் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று உம்மா அவளுக்கு மூன்று சட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுவிட்டார். வாப்பா தூக்கி வந்த தையல் மெசினைக் கரையில் வைத்துப் பறித்துக்கொண்டார்கள். கற்பிட்டி போகும்வரை மழை. மூன்று சட்டையும் நனைந்து உடம்போடு கனத்தன.

இதை அவள் எழுத முடியாது. நேரில் கண்டது ஆதாரமாகாது, அச்சில் வந்ததே ஆதாரம் என்பது விதி. தன் ஊர்ப் பக்கத்தில் நிருவாகி முடிவு எழுதக்கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் காட்டி எத்தனையோ பேரின் வாயை அவளே அடைத்திருக்கிறாள்.

தோட்டவெளிக் கிராமத்தில் இருந்த மற்ற நிருவாகி கஜீபனுக்கு அழைப்பு எடுத்தாள். ஏழு வருடமும் வேலையைத் தவிர வேறு கதைத்ததில்லை.

"அக்கா, நானும் பாத்தனான். ரெண்டு பேருக்கும் நோகாம 'அகன்றனர்' எண்டு போட்டு முடிப்பம்," என்றான்.

"அகன்றதெண்டா? பஸ்ஸில வழி விட்டு விலகி நிண்டதோ?"

"கோவிக்காதேங்கோ. நீங்கள்தானே எப்பவும் நடுவில ஒரு சொல் எடுப்பீங்கள்."

அது உண்மை. இவ்வளவு காலமும் ருசியில்லாத சொற்களைத் தேடித் தேடிப் போட்டு அதற்கு நிதானம் என்று பேர் வைத்திருந்தாள். அந்த நிமிடம் வன்னிவேழத்தைவிடத் தன்னைத்தான் அவளுக்கு அருவருத்தது.

"தம்பி, நான் அந்த ஊர். அந்த வள்ளத்தில போனனான்."

கஜீபன் "எனக்குத் தெரியாது அக்கா," என்றான்.

"தெரியவேணுமெண்டில்லை. நான் விலகிறன். நீங்கள் புத்தகங்களைப் பாத்து எழுதுங்கோ. எனக்காக எழுதவேண்டாம்."

'நான் இவ்வூரவள். ஆகவே இதில் முடிவு எழுதமாட்டேன்' என்று உரையாடல் பக்கத்தில் எழுதி ஒப்பமிட்டாள். கஜீபன் நூலகத்துக்குப் போய் மூன்று நூல்களின் பக்க எண்களோடு வந்தான். மூன்றிலும் 'வெளியேற்றப்பட்டனர்' என்றே இருந்தது. அதுவே நிற்கும் என்று எழுதினான். நிருவாகிகள் கூட்டுச் சதி செய்வதாக வன்னிவேழம் முறைப்பாடு போட்டார். நேர்கோல் மரியத்துக்கு வாழ்த்து அனுப்பி, தனது பதினொரு பந்தியைப் படித்தீர்களா என்று கேட்டிருந்தார். அவள் பதில் போடவில்லை.

பூட்டைத் திறந்த மறுநாளே நேர்கோல் அந்த வரியில் 'ஒக்டோபர்' என்பதை 'அக்டோபர்' ஆக்கினார். வன்னிவேழம் திருப்பினார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் ஒன்பது தடவை.

"இதையாவது நீங்கள் பாருங்கோவன், அக்கா," என்று கஜீபன் கேட்டான்.

"அவையள் ஆளையாள் கடிச்சுக் குதறட்டும்," என்றாள் மரியம். "மற்றச் சொல்லில கை வச்சா மட்டும் எனக்குச் சொல்லுங்கோ."

சொல்லிவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள்.