திண்டிவனம் வரும்வரை கையை எடுக்காதவர்

விழுப்புரத்தில் புகழ்பெற இரண்டு வழிகள் உண்டு. உயிரோடு இருந்து சுவரொட்டியில் தலை வரவேண்டும். அல்லது செத்துப்போய் வரவேண்டும். இரண்டுமில்லாமல், வலது கையின் மூன்று விரல்களை மட்டும் வைத்துப் பெயரெடுத்த ஒரே ஆள் பிரான்சிஸ்.

ஊருக்குள் இருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் வார்டில் அவர் உதவியாளர். ஆறு கட்டில், நான்கு இயந்திரம், ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறிக்குக் கீழே இருக்கும் கட்டிலுக்கு நோயாளிகள் போட்டி போட்டதைப்போல் சட்டசபைத் தொகுதிக்குக்கூட யாரும் போட்டி போட்டதில்லை. இப்போது வார்டு முழுக்க ஏசி. சண்டை போட ஆளும் இல்லை, காரணமும் இல்லை.

சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு அவசரத்துக்குக் கழுத்தில் குழாய் போடுவார்கள். இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய ரத்தநாளம் ஒன்று கழுத்தில் இறங்குகிறது. அதை உரசிக்கொண்டே மூளைக்கு ரத்தம் ஏறும் நாளம் இன்னொன்று. படைத்தவன் இரண்டுக்கும் நடுவே ஒரு வரப்பு விட்டிருக்கலாம், விடவில்லை. ஆகவே முதல் நாளத்துக்குப் போகவேண்டிய ஊசி எப்போதாவது பக்கத்து நிலத்தில் இறங்கிவிடும். மெல்லிய ஊசிதான் என்றால் உருவிவிட்டு அந்த இடத்தை விரலால் அமுக்கிப் பிடிக்கவேண்டும். பதினைந்து, இருபது நிமிஷம். ரத்தம் நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது.

இந்தக் கடைசி விதிதான் மனிதப் பிறவிக்கு ஆகாதது. உலை மூடியையே ஐந்து தடவை திறந்து பார்க்கிற ஜனம் நாம். நர்ஸுகள் மூன்றாம் நிமிஷம் தூக்கிப் பார்ப்பார்கள்; டாக்டர்கள் இரண்டாம் நிமிஷமே. பிரான்சிஸ் மட்டும் பார்க்கமாட்டார். ஏனென்றால் அவர் அமுக்குவதில்லை; பஸ் ஓட்டுகிறார்.

விக்கிரவாண்டிப் பக்கம் சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத கூலிக் குடும்பத்தில் பிறந்து, பதினான்கு வருஷம் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். விழுப்புரம் திண்டிவனம், திண்டிவனம் விழுப்புரம். நாலுவழிச் சாலை வந்து முதலாளி வண்டியை விற்றபின் ஆஸ்பத்திரிக்கு வந்தார். விரலை வைத்ததும் "போலாம் ரைட்" என்பார். பிறகு தொண்ணூற்றைந்தாம் வருஷத்துச் சாலையில் அவர் வாயாலேயே வண்டி கிளம்பும்.

"முண்டியம்பாக்கம் வந்துட்சி. கரும்பாலை வாசன அடிக்குதா பாருங்க. தலய ஆட்டாதீங்க, மனசால மோந்து பாருங்க. அதோ, மஞ்சப் பொடவ டீச்சரம்மா ஏறிக்கினாங்க. டிரைவரு கண்ணாடியத் திருப்பிக்கினாரு. இனிமே வண்டி மாட்டு வண்டிதான்."

கழுத்தைக் கொடுத்துவிட்டுப் படுத்திருப்பவர் சிரிக்கவும் முடியாமல் திண்டாடுவார். ஒருமுறை அப்படிப் படுத்திருந்தவர் கம்மிய குரலில், "யோவ், அது எங்க அக்காய்யா" என்றார். பிரான்சிஸின் விரல் நூலளவும் நகரவில்லை. அன்றைக்கு மட்டும் பஸ் சித்தணியில் நிற்காமல் நேரே கூட்டேரிப்பட்டுக்குப் போனது.

மயிலம் முருகனுக்கு மொட்டை போடப் போகும் தலைகள் கூட்டேரிப்பட்டில் இறங்கும். வெள்ளரிப் பிஞ்சுக் கூடைகள் ஏறும். கூடைக்கு டிக்கெட் உண்டா என்று ஒரு தகராறு நடக்கும். திண்டிவனம் வரும்போது விரலை எடுப்பார். ரத்தம் நின்றிருக்கும். வார்டில் நலம் விசாரிப்பதே, "திண்டிவனம் பாத்துட்டியா?" என்றாகிவிட்டது. பிரான்சிஸ் கண்ணை மூடினால் அந்த ஆறு கட்டிலிலும் யார் யார் படுத்திருந்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வார். பாதிப் பேர் இப்போது இல்லை.

பிரான்சிஸ் யாரிடமும் சொல்லாத பயணம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேணி என்று ஒருத்தி. ஊசி அல்ல, குழாயே தப்பான இடத்தில் இறங்கிவிட்டது. அப்போதிருந்த டாக்டர் அதை உருவினார், பிரான்சிஸ் அமுக்கினார். போய் வந்து மறுபடி போய், இரண்டு முறை திண்டிவனம் ஆயிற்று. வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. உள்ளே கழுத்து வீங்கிக்கொண்டே போய் மூச்சுக்குழலை அடைத்தது. வேணிக்கு முப்பத்தொரு வயது.

அதன்பின்னும் புகழ் வளர்ந்தது. புகழுக்கு விவரம் பத்தாது.

கொரோனாவுக்கு முந்தின வருஷம் கண்டாச்சிபுரத்திலிருந்து கிருஷ்ணசாமி வந்தார். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலை என்று இரண்டு டயாலிசிஸைத் தவறவிட்டு, உடம்பெல்லாம் நீர் கோத்து, உட்கார்ந்தபடியே மூச்சிரைத்தார். கூட வந்தவர் மனைவி லட்சுமியம்மாள். அன்று டாக்டர் தமிழ்மணி. நாற்பத்தைந்து வயது, நல்ல கைராசிக்காரர். ஸ்கேன் வைத்துப் பார்த்துக்கொண்டே ஊசி போடலாம்தான். ஸ்கேன் இயந்திரமோ கீழ் அறையில் பூட்டியிருந்தது. சாவி, ஸ்கேன் டாக்டரம்மாவின் கைப்பையில். கைப்பை, திருவாமாத்தூர்க் கோயிலில் ஒரு கல்யாணத்தில்.

"பரவால்ல, பிரான்சிஸண்ணன் இருக்காரே" என்றார் தமிழ்மணி. ஊரே செய்த தப்பு அதுதான்.

ஊசியில் வந்த ரத்தம், சரியான நாளத்து ரத்தம்போலக் கருப்பாகத்தான் இருந்தது. மூச்சுத் திணறுகிறவருக்கு எல்லா ரத்தமும் கருப்பு. டாக்டர் நம்பிப் பென்சில் கனத்துக் குழாயை உள்ளே இறக்கி, சலைனை மாட்டினார். சலைன் கீழே இறங்கவேண்டும். அதற்குப் பதில் ரத்தம், யாரோ தள்ளுவதுபோல் விட்டு விட்டு மேலே ஏறியது. பிரான்சிஸ்தான் முதலில் பார்த்தார்.

"டாக்டர், ரத்தம் ஏறிக்கினு போவுது."

தமிழ்மணியின் முகம் வெளுத்தது. குழாயின் வாயை அடைத்தார். "தப்பான எடம். உருவிடறேன். கைய ரெடியா வைங்கண்ணே."

பிரான்சிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"உருவாதீங்க."

"இன்னாண்ணே? நீங்க அமுக்கினா நிக்காதா?"

"ஊசி ஓட்ட வேற டாக்டர், இது வேற. உள்ள கீற கொழாவே ஓட்டய அடச்சிக்கினு நிக்குது. எடுத்தா உள்ளுக்குள்ள ஊத்தும். எனக்கு நிறுத்தத் தெரியாது."

பதினோரு வருஷப் புகழைப் பிரான்சிஸ் ஒரே வாக்கியத்தில் ராஜினாமா செய்தார். கதவோரம் நின்ற லட்சுமியம்மாளுக்குக் கடைசி வரி மட்டும் கேட்டது.

"இன்னாய்யா இது! ஊரு கழுத்தெல்லாம் புடிக்கிற, எங்க ஊட்டுக்காரர் கழுத்துன்னா கசக்குதா? தொட மாட்டியா?"

தொட்டால் தீட்டு என்று பிரான்சிஸின் அப்பாவைக் களத்துமேட்டுக்கு அப்பால் நிறுத்திக் கூலி போட்ட குடும்பங்களின் வகைதான் இதுவும். அப்படிப்பட்ட வீட்டம்மா, தொடவில்லையே என்று பிரான்சிஸ் மேல் கோபப்படுகிறார். சரித்திரத்துக்கும் சில சமயம் குறும்பு பிடித்துவிடும்.

தமிழ்மணி உருவ நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். குழாயை அப்படியே தையல் போட்டு நிறுத்தி, புதுச்சேரியில் ரத்தக்குழாய் சர்ஜன் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

ஆம்புலன்சில் டாக்டர் ஒரு பக்கம். குழாய் அசையாமல் பிடித்துக்கொண்டு பிரான்சிஸ் மறுபக்கம். முறைத்துக்கொண்டு லட்சுமியம்மாள் முன்னால். அமுக்கும் வேலை இல்லாததால் பிரான்சிஸுக்கு வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆக்சிஜன் மூடிக்குள்ளிருந்து கிருஷ்ணசாமி திக்கித் திணறிக் கேட்டார்.

"ரூட்டு... சொல்லு..."

"இந்தப் பக்கம் எனக்கு பெர்மிட்டு இல்லீங்க. பேசாம வாங்க."

புதுச்சேரியில் கழுத்தைத் திறந்து, கண்ணால் பார்த்துக்கொண்டே குழாயை எடுத்து, ஓட்டையைத் தைத்தார்கள். இரண்டரை மணி நேரம். தமிழ்மணி தியேட்டர் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். லட்சுமியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து, மிச்ச இடத்தில் துணிப்பையை வைத்திருந்தார். பிரான்சிஸ் சுவரோரம் நின்றார்.

சர்ஜனம்மா வெளியே வந்து முகமூடியை இறக்கினார்.

"நல்லாருக்காரு. கைகால் அசைக்கிறாரு. யாரு இத உருவாம அப்படியே கொண்டாந்தது?"

"நானா உருவாம இருந்தேன்?" என்றார் தமிழ்மணி மெல்ல. "அவரு விடல."

லட்சுமியம்மாள் புகார் சொல்லக் காத்திருந்தவர்போல் எழுந்தார். "இவருதாங்க. கெஞ்சிக் கூத்தாடியும் கை வெக்க மாட்டேன்னுட்டாரு."

"வெச்சிருந்தா இன்னேரம் நீங்க வேற மாதிரி அழுதுகினு இருப்பீங்க" என்றார் சர்ஜன். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெரிய ஆஸ்பத்திரிகளில் நல்ல சேதிக்கு இவ்வளவு நேரம்தான் ஒதுக்கீடு.

லட்சுமியம்மாள் பெஞ்சிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இப்படி வந்து உக்காருங்க" என்றார். "எம்மா நேரமா நிக்கிறீங்க."

பிரான்சிஸ் உட்கார்ந்தார். மூன்று விரல்களையும் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். லட்சுமியம்மாள் அதைப் பார்த்துவிட்டு, டாக்டர் பக்கம் திரும்பி, "சார், ஒரு டீ வாங்கியாங்க இவருக்கு" என்றார்.

டாக்டர் தமிழ்மணி டீ வாங்கப் போனார்.