சீட்டில் வந்த வசனம்

வேதத்தை உட்கார்ந்து படிக்க வேண்டுமா, வருஷத்துக்கு ஒரு வசனம் போதாதா என்று வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் கேட்டார்கள். வாயால் சொன்னால் நான் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

முதல் நாள்

நான் திண்டுக்கல்லில் பைபிள் உமனாக வேலை பார்த்தவள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் சேர்ந்தேன். வெள்ளைச் சேலை, குடை, தோளில் ஒரு பை. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதுதான் வேலை. வேலைக்கு எடுத்த மிஷன் அம்மா சொன்ன ஒரே புத்தி, "வெயிலுக்கு முன்னால் போ" என்பது.

எனக்குக் கொடுத்த முதல் தெரு, தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பின்னால் இருந்தது. ஊறப்போட்ட தோலின் வாடை தெருமுனையிலேயே ஆளைத் தள்ளும். நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தேன். ஒரு வீட்டு வாசலில் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏக்கா, மூக்கப் பொத்திக்கிட்டு எப்படி வேதம் வாசிப்ப? கையை எடு. செத்த நேரத்துல பழகிரும்."

அவள்தான் பாக்கியம். புருஷன் ஞானமுத்து தோல் ஷாப்பில் வேலை. ஒரே மகள் எஸ்தர், ஆறாம் வகுப்பு. பாக்கியத்துக்கு என் வயதுதான் இருக்கும். வாய்க்கு வாய் பேசுவாள். எனக்கு அவளை அன்றைக்கே பிடித்துப்போனது.

எழுத்து மட்டும் படிக்க மாட்டாள். எத்தனை தரம் அட்டையை நீட்டியிருப்பேன்! "எம்மக படிக்கா, நான் கேக்கேன். ஒரு வீட்டுக்கு ரெண்டு பேரா படிக்கணும்?" என்பாள். அதுவும் உண்மைதான். சாயங்காலமானால் எஸ்தர் விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராகம் போட்டு வாசிப்பாள். தாய் அடுப்பை ஊதிக்கொண்டே கதை கேட்பாள். கதை நல்ல இடத்துக்கு வரும்போது எஸ்தர் டப்பென்று புஸ்தகத்தை மூடிவிடுவாள். "மிச்சம் நாளைக்கும்மா" என்று சிரிப்பாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

தட்டில் வந்த சீட்டு

புது வருஷக் காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் கோவிலில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்போம். பழைய கிறிஸ்துமஸ் கார்டுகளை நறுக்கி, பின்பக்கம் ஆளுக்கொரு வசனம் எழுதித் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். கையில் வருவது அந்த வருஷத்துக்குக் கர்த்தர் தனக்கென்று சொன்னது என்று எல்லாரும் நம்புவார்கள். அந்த வருஷம் எஸ்தர் எடுத்த சீட்டில், நான் சாகமாட்டேன், பிழைத்திருப்பேன் என்கிற கருத்துள்ள வரி வந்திருந்தது. வேதத்தில் சங்கீதம் என்கிற பாட்டுகளில் உள்ள வரி அது. பாக்கியத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. தெரு முழுக்கக் காட்டினாள்.

மாசிக் கடைசியில் நான் எரியோடு பக்கம் கிராமங்களுக்கு ஊழியத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார்கள். நேரே போனேன்.

எஸ்தர் பாயில் கிடந்தாள். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. மூச்சு கரகரவென்று இழுத்தது. கழுத்தில் சின்னத் துணி முடிச்சு ஒன்று தொங்கியது. அவிழ்த்துப் பார்த்தேன். அந்தச் சீட்டு! தாயத்து மாதிரி மடித்துக் கட்டியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"நான் அன்னைக்கே கூப்பிட்டேன்க்கா," என்றார் ஞானமுத்து. "இவதான் வேணாம்னா."

"கர்த்தர் வாக்குக் குடுத்திருக்காருல்ல? ஆஸ்பத்திரிக்கு ஓடுனா அவர நம்பலன்னு ஆயிராதா?" என்றாள் பாக்கியம். அவள் முகத்தில் பயமே இல்லை. அதைப் பார்த்து எனக்குத்தான் பயம் வந்தது.

நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. குதிரை வண்டி பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தொண்டை அடைப்பான் என்றார் டாக்டரம்மா. "இதுக்கு ஊசி இருக்கும்மா. முந்தியே கொண்டாந்திருக்கணும்" என்று சொன்னார். ஊசி போடத்தான் செய்தார். மறுநாள் மத்தியானம் பிள்ளை போய்விட்டது. பெற்றவள் கையில் அந்தத் துணி முடிச்சு இருந்தது.

"இது பொய்யா, நான் பொய்யா?"

துக்கம் கேட்க வந்தவர்கள் வாயைச் சும்மா வைத்திருக்கக் கூடாதா? "வாக்கு பொய்க்காது, உன் விசுவாசத்துலதான் எங்கயோ கொறை" என்றார் ஒரு சபைப் பெரியவர். "வீட்டுல ஏதாவது பாவம் இருக்கும்" என்றாள் இன்னொருத்தி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "வேதத்துல யோபுவப் பாக்க வந்த கூட்டாளிங்க நம்ம தெருவுலதான் குடியிருக்காங்களா?" என்று கேட்டே விட்டேன். பிள்ளைகளைப் பறிகொடுத்தவனிடம் போய், உன் பாவம்தான் காரணம் என்று சொன்ன கூட்டாளிகள் அவர்கள். அது யார் என்று வந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. படித்திருந்தால் அல்லவா தெரியும்!

பாக்கியம் பேச்சை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. கோவிலுக்கு வரவில்லை, சோறு வைத்தால் இரண்டு வாய் தின்பாள், அப்படியே வைத்துவிடுவாள். இவளும் போய்விடுவாளோ என்று ஞானமுத்து என்னிடம் அழுதார். நான் தினமும் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தேன். புஸ்தகத்தைத் திறக்கவில்லை.

ஒருநாள் அவளே அந்தச் சீட்டை என் மடியில் போட்டாள்.

"இது பொய்யா, நான் பொய்யாக்கா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"இந்த வசனம் இருக்கிற இடத்த வாசிச்சுக் காட்டவா?"

"வேணாம். நீ வாசிச்சா எனக்கு வலிக்காத எடமாப் பாத்து வாசிப்ப. எழுத்தச் சொல்லிக் குடு. நானே பாக்கணும். எம்மகள ஏமாத்துன எடம் எங்க இருக்குன்னு எங்கண்ணால பாக்கணும்."

எத்தனையோ பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வேதத்தோடு சண்டை போடுவதற்கென்றே படித்தவள் அவள் ஒருத்திதான். வெயில் காலம் முழுக்கப் படித்தாள். ஆடி பிறக்கும்போது எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டது.

அந்தச் சங்கீதத்தை முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்தாள். அவளுடைய வரி வந்தது. நிற்கவில்லை, கடைசி வரை போனாள். மறுபடி விரலை முதல் வரிக்குக் கொண்டுபோனாள்.

"ஏக்கா, இது பொழச்சு வந்த ஒருத்தன் கோவில் வாசல்ல நின்னு பாடுன பாட்டுல்ல?"

"ஆமா."

"அவன் பொழச்சதச் சொல்றான். எம்மக பொழைப்பான்னு இதுல எங்கயும் சொல்லலையே."

"சொல்லல தாயி."

"அப்ப இது பொய் சொல்லல." விரலை அந்த வரியின் மேல் வைத்தாள். "ஒத்த வரியக் கிழிச்சு எம்பிள்ள கழுத்துல கட்டிட்டு, நாந்தான சும்மா உக்காந்திருந்தேன்."

உண்மை தெரிந்தால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை, கூடிவிட்டது. நீ மட்டுமில்லை, ஊரே அப்படித்தான் நம்பியது என்றேன். அவள் காதில் ஏறவில்லை. கடைசியில் பக்கங்களைப் பின்னால் புரட்டி வேறொரு சங்கீதத்தைக் காட்டினேன். இரவும் பகலும் கூப்பிட்டும் பதில் கிடைக்காத ஒருவனுடைய பாட்டு அது. மற்றச் சங்கீதங்களில் அழுதவன் முடிவில் தேறிவிடுவான். இவன் தேறுவதில்லை. இருட்டிலேயே பாட்டு முடிந்துவிடும்.

வாசித்து முடித்து, அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அம்புட்டுத்தானா? இவனுக்கு விடியவே இல்லையே. இதையுமா வேதத்துல வச்சிருக்காங்க?"

"வச்சிருக்காங்க."

"என்னைய மாதிரி ஒருத்தன் உள்ளாற இருந்திருக்கான். எனக்கு யாருமே சொல்லலையேக்கா!"

அன்றைக்குத்தான் பாக்கியம் அழுதாள். தரையில் விழுந்து, மகள் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் அழுதேன். அடுப்பில் வைத்த வெஞ்சனம் கருகிப்போனது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மிச்சக் கதை

மறு வருஷம் சீட்டுத் தட்டு வந்தபோது அவள் கையை நீட்டாமல் பக்கத்தில் தள்ளிவிட்டாள். அதே தெருவில் இன்னொரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு, தலைமாட்டில் சீட்டை வைத்திருந்தார்கள். "வசனம் புஸ்தகத்துல பத்திரமா இருக்கும், பிள்ளைய வண்டியில ஏத்துங்க" என்று பாக்கியமே முன்னால் ஏறிப் போனாள். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. பாக்கியத்துக்கு அது ஆறுதல் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

துண்டு துண்டாக நறுக்கினால் வேதத்தை எதற்கு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். முழுதாகப் படித்தால்தான் அது யாருடைய குரல், எந்த வேளையில் பேசியது, நம் அழுகைக்கு அதில் எங்கே இடம் என்று தெரியும். முப்பது வருஷ வேலையில் நான் கற்றது இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளையின் உயிர் போக வேண்டியிருந்ததே என்பதுதான் என் துக்கம்.

அந்த மறு வருஷம் ஒரு சாயங்காலம் அவள் வீட்டு வழியாக வந்தேன். உள்ளே வாசிக்கிற சத்தம் கேட்டது. விளக்குப் பக்கத்தில், மகள் உட்காருகிற இடத்தில், பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். கையில் எஸ்தருடைய வேதம். காய்ச்சலுக்கு முந்தின நாள் எஸ்தர் யோசேப்பு கதையை வாசித்து, செய்யாத குற்றத்துக்கு அவனைச் சிறையில் அடைத்த இடத்தில் மூடிவைத்திருந்தாள். கோழி இறகு வைத்த அந்தப் பக்கத்திலிருந்து தாய் எழுத்துக்கூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

வெகுநேரம் கழித்து விரலை எடுத்தாள். காலியாகக் கிடந்த பாயைப் பார்த்துச் சொன்னாள்:

"எஸ்தரு, அவன வெளிய விட்டுட்டாங்கடி."