எழுபத்திரண்டு சென்டிமீட்டர் மணல்வரப்பு

இர்மா பெக்கெர்ட்டின் குரல் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரயில் சந்திப்பில் அறிவிப்பாளர் வேலை. "லைப்சிக் வண்டி சற்றுத் தாமதமாக வரும்" என்று பதினாறு வருடங்களாக ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்தவர்கள் குறைவு. உடம்பைப் பார்த்தவர்கள் மருத்துவரும் தங்கையும் மட்டும்தான்.

நாலு வயதில் துணி வேகவைக்கும் அண்டா மேலே கவிழ்ந்தது. இடது தோள், கை முதல் தொடை வரை தோல் சுருங்கி, காய்ந்த பாலாடை போல ஆகிவிட்டது. அதனால் ஜூலையிலும் முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். ஒருவர் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோது, காரணம் சொல்லாமல் மறுத்துவிட்டார். முப்பத்தெட்டு வயதில் ஒரே ஆசை பாக்கி: கடலில் ஒருமுறை கழுத்தளவு நிற்க வேண்டும்.

1979 கோடையில் தங்கை சிக்ரூன் வேலை பார்த்த நெசவாலை மூலம் பால்டிக் கரையில் பத்து நாள் தங்க இடம் கிடைத்தது. ஆடையில்லாக் கரை என்பதை சிக்ரூன் மறைக்கவில்லை. ரயில் ஏறி மூன்று மணி நேரம் கழித்துச் சொன்னார், அவ்வளவுதான்.

"இறங்குறேன் நான்," என்றார் இர்மா.

"இறங்கிக்கோக்கா. அடுத்த வண்டி சற்றுத் தாமதமா வரும்."

முதல் நாள் இர்மா நீச்சலுடையோடு, அதன்மேல் சட்டையோடு உட்கார்ந்தார். கிழக்கு ஜெர்மனியின் அந்தக் கரையில் இதைவிடக் கண்ணை உறுத்தும் கோலம் கிடையாது. தாண்டிப் போன ஒரு பெண்மணி நின்று, "துணி போட்டவங்க இடம் அந்தக் கம்பத்துக்கு அப்பால. இங்க வேடிக்கை பார்க்கத்தான் வந்திருக்கீங்களா?" என்றார். வேடிக்கைப் பொருளாகிவிடுவோம் என்று பயந்து வந்தவருக்கு, வேடிக்கை பார்ப்பவர் என்ற பட்டம்.

இரண்டாம் நாள் இர்மாவுக்கு வழி தெரிந்தது. அங்கே ஒவ்வொரு குடும்பமும் குழி தோண்டி, சுற்றிலும் மணலை வரப்பாகக் குவித்து, சிப்பியால் ஊர்ப்பெயர் எழுதிக் குடியிருக்கும். இவரும் தோண்டினார். வாடகை அறையிலிருந்த, கரி அள்ளும் மண்வாரியால். முதலில் ஒரு சாண் உயரம். உள்ளே படுத்து, சுற்றும் பார்த்து, சட்டையைக் கழற்றினார். மறுநாள் இன்னும் ஒரு சாண். அதற்கடுத்த நாள் நீச்சலுடையையும் கழற்றிவிட்டு, பயத்தில் மேலும் ஒரு சாண் ஏற்றினார்.

வரப்பு ஏற ஏற எட்டிப் பார்ப்பவர்களும் பெருகினார்கள். நாற்பது வெற்றுடம்புகளைத் திரும்பியும் பாராமல் நடந்து போனவர்கள், இங்கே நின்று குதிகாலை உயர்த்தினார்கள். பதுங்கு குழியா, தண்ணீர்த் தொட்டியா என்று பந்தயம்கூட நடந்தது. உள்ளே இர்மா துண்டைப் போர்த்திக்கொண்டு வியர்த்தார். இருபது அடியில் கடல், போக வழியில்லை. வாசல் வைக்க மறந்திருந்தார்.

ஐந்தாம் நாள் காலை டெம்ப்கே வந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர், கரைக்குழுவின் தலைவர், எழுபது வயது. தலையில் தொப்பி, கையில் மடக்கு அளவுகோல், வேறொன்றுமில்லை. உடம்பில் நூல் இல்லாவிட்டாலும் மரியாதையில் குறை வைக்காதவர்.

"காலை வணக்கம் அம்மா. அனுமதி முப்பது சென்டிமீட்டர். உங்களோடது..." குனிந்து அளந்தார். "எழுபத்திரண்டு. காத்து சுழன்று எங்க பக்கம் மணலைக் கொட்டுது. என் மனைவியோட உருளைக்கிழங்கு சாலட்டை நேத்து கடிச்சுத்தான் தின்னோம்."

இர்மா எழுந்தார். பதற்றத்தில் துண்டு காலடியில் விழுந்தது. டெம்ப்கேயின் பார்வை தோளில் தொடங்கி, தழும்பின் வழியாக இறங்கி, கடைசியில் மண்வாரியில் போய் நின்றது. அங்கேதான் முகம் சுளித்தது.

"கரி அள்ளுற வாரியாலயா தோண்டினீங்க?"

"மன்னிக்கணும் ஐயா. குறைச்சிடறேன்."

டெம்ப்கே நிமிர்ந்தார். "இந்தக் குரல். 'லைப்சிக் வண்டி சற்றுத் தாமதம்.' நீங்கதானா அது? நானும் அந்த ஊர்தான். போன பிப்ரவரி பன்னிரண்டு, நாற்பத்திரண்டு நிமிஷம் பிளாட்பாரத்துல விறைச்சு நின்னேன். நாற்பத்திரண்டு சற்றா, அம்மா? வரப்பும் சற்று உயரம்னு சொல்லுவீங்க போல."

"எங்களுக்குச் சொல்லித்தந்த வாசகம் அது ஐயா."

"தப்பான வாசகம்."

அவர் கையைத் தட்ட, அக்கம்பக்கத்திலிருந்து எட்டுப் பேர் மண்வாரியோடு வந்தார்கள். முதல் நாள் வைத பெண்மணியும் அதில் ஒருவர். இர்மாவின் அருகில் நின்று அள்ளும்போது, "வெந்நீரா?" என்று கேட்டார்.

"ஆமா. சின்ன வயசுல."

"வெயில் பட்டா எரியும். எண்ணெய் தடவிக்கோங்க. இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி அள்ளுங்க, என் கால்ல விழுது."

முப்பத்து நாலு வருட ரகசியத்துக்குக் கிடைத்த மொத்த வரவேற்பு அவ்வளவுதான்.

பத்தரை மணிக்கு டெம்ப்கே மறுபடி அளந்து, முப்பது சென்டிமீட்டர் என்று அறிவித்தார். எல்லோர் மேலும் மணல். கழுவப் போனார்கள், கூட்டத்தோடு கூட்டமாக இர்மாவும். தண்ணீர் இடுப்பைத் தொட்டபோதுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கழுத்துவரை போனார். சிக்ரூன் கரையிலிருந்து, "அக்கா, துண்டு வேணுமா?" என்று கத்தினார். வேண்டாமென்று கையை ஆட்டினார். தழும்புள்ள கையை.

உடம்பை நேசி என்று உபதேசிப்பவர்கள் இப்போது நிறைய. இர்மா அப்படியொன்றும் நேசித்துவிடவில்லை. கண்ணாடி முன்னால் நின்று கொஞ்சவும் இல்லை. அரை நாள் அதை மறந்தார், பிறகு ஒரு நாள் முழுக்க மறந்தார். ஊர் திரும்பி, மேல் பொத்தான் இரண்டைத் திறந்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று கல்யாணம் கேட்டவரைத் தேடிப் போனாரா என்று கேட்காதீர்கள். அவருக்கு அதற்குள் கல்யாணமாகி இருந்தது. அதன்பின் இருபத்தோரு கோடைகள், அதே கரை. டெம்ப்கே இருந்தவரை, ஒவ்வொரு ஆண்டும் வரப்பை அளக்க அவரைத் தானே கூப்பிட்டார்.

நன்றி சொல்லத்தான் தெரியவில்லை. பூங்கொத்து கொடுத்தால் "எதற்கு?" என்று கேட்கக்கூடிய மனிதர், விளக்கினால் புரியாது. அந்த 1979 டிசம்பரில் ஒரு காலை, பிளாட்பாரத்தில் அந்தத் தொப்பியைக் கண்டார். 'சற்று' என்று மேலதிகாரி எழுதித் தந்த தாளை ஓரமாக வைத்தார்.

"லைப்சிக் வண்டி முப்பத்தேழு நிமிடம் தாமதமாக வரும். காத்திருப்போர் அறையில் அடுப்பு எரிகிறது."

டெம்ப்கே ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, ஒலிபெருக்கிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, அடுப்பைத் தேடிப் போனார்.