அடுப்படிக்குப் போன ஒயர்

ஆபிரகாம் மஸ்கட்டிலிருந்து திரும்பியபோது அவன் மனைவி அன்னபுஷ்பம் மண்ணுக்குள் போய் ஒரு மழைக்காலம் கடந்திருந்தது. மஞ்சக்காமாலை. தந்தி கையில் கிடைத்து, லீவுக்குக் கெஞ்சி முடிப்பதற்குள் இங்கே அடக்கமே ஆகிவிட்டது. இனிமேல் போய் யாரைப் பார்க்க என்று காண்ட்ராக்ட் முடிகிறவரை அங்கேயே இருந்துவிட்டான். ஒரகடத்துக்குப் பக்கத்தில் அவன் கட்டியிருந்த வீட்டை அன்னபுஷ்பத்தின் அம்மா ஞானம்மாவும் தங்கை கிரேசியும்தான் அதிலேயே தங்கிப் பெருக்கி, விளக்கு போட்டு, பார்த்துக்கொண்டார்கள்.

கிரேசிக்கு இருபது வயது தாண்டியிருந்தது. படுக்கையில் கிடந்த அக்காவுக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியவள் அவள்தான். மாப்பிள்ளை வந்து பெட்டியைப் பிரித்த சில நாட்களிலேயே ஞானம்மா ஊர் நினைத்ததை வாய்விட்டுச் சொன்னாள்.

"அந்தப் புள்ள தனியா நிக்குதுடி. வேற எவளோ வந்து இந்த வூட்ல சோறாக்கறதுக்கு, நீயே ஆக்கிட்டுப் போயேன்."

கிரேசி மறுக்கவில்லை. மாமா அதிர்ந்து பேசாதவர், குடிக்காதவர். அவளுக்கு அவரைப் பிடித்தும் இருந்தது. ஆபிரகாமும் தலையாட்டினான். அடுத்த ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள்; மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம்.

அதே வாரத்தில்தான் கப்பலில் போட்ட சாமான்கள் வந்து இறங்கின. கலர் டிவி, வீடியோ டெக், ஆம்பிளிஃபயர், டேப் ரெக்கார்டர், மரப் பெட்டி போட்ட ஸ்பீக்கர்கள். எண்பத்தைந்தாம் வருஷத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு செட்டை யாரும் கண்டதில்லை. வீட்டுக்குள்ளேயே சினிமாக் கொட்டாய் வரப்போகிறது என்று தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

ஒயர் இழுக்க சுங்குவார்சத்திரத்திலிருந்து அருள்நாதன் வந்தான். கோயில் திருவிழாக்களுக்கு ரேடியோ செட்டு கட்டுகிறவன். கையில் சாக்பீஸோடு கூடத்தை ஒரு சுற்று வந்து, சுவரில் கோடு போட்டான்.

"டிவி இங்க. டெக்கு அதுக்குக் கீழ. ஆன்டெனா ஒயர் ஜன்னல் மேல வந்து நேரா டெக்குல எறங்கிடும். அங்கேருந்து ஒரு ஒயர் டிவிக்கு, சவுண்டு மட்டும் ஆம்பிளிஃபயருக்கு. ஸ்பீக்கர் பாக்ஸு அந்த மூலைக்கு ஒண்ணு, இந்த மூலைக்கு ஒண்ணு. போதும்ணே."

"இன்னும் ரெண்டு பாக்ஸ் கீது" என்றான் ஆபிரகாம். "ஒண்ணு அடுப்படில. ஒண்ணு பின்னால, தொவைக்கிற கல்லு பக்கம்."

அருள்நாதன் சிரித்தான். "அடுப்படில இன்னாத்துக்குண்ணே? பொகை ஏறி நாசமாப் பூடும்."

"போடு. அதுக்குத் தனி சுச்சு வேணும். கூடத்துல பாக்ஸ் பேசாம இருக்கணும், உள்ள மட்டும் கேக்கணும். டேப் ரெக்கார்டரும் அதே ஆம்பிளிஃபயர்ல சேரணும்."

சாக்பீஸ் கோடு கூடத்துச் சுவரில் ஏறி, நிலைப்படிக்கு மேலே வளைந்து, அடுப்படிக்குள் இறங்கியது. கிரேசி வெங்காயம் உரித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமைக்கிறவளுக்கும் பாட்டு கேட்கட்டும் என்று இந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று நெஞ்சு நிறைந்தது. அருள்நாதனுக்கு வைத்த டீயில் ஒரு கரண்டி சர்க்கரையைக் கூடுதலாகவே போட்டாள்.

வேலை முடிந்த மறுநாள். ஞானம்மா படப்பைச் சந்தைக்குப் போயிருந்தாள். நல்ல வெயில். கிரேசி அரிசி களைந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே 'கர்' என்று ஓர் இரைச்சல். அதற்குப் பின்னால் ஒரு குரல்.

"இன்னாங்க, சாப்ட்டீங்களா?"

கிரேசியின் கை பாத்திரத்திலேயே நின்றது. அக்காவின் குரல். மூச்சு வாங்குவதும், பேச்சுக்கு நடுவே மூக்கை உறிஞ்சுவதும் அப்படியே.

"இங்க நல்ல மழைங்க. கேணி ரொம்பிப் போச்சி. கிரேசி மொளகா காய வெச்சிருந்தா, எல்லாம் நனைஞ்சிடுச்சி..."

அன்னபுஷ்பம் மஸ்கட்டுக்குக் கடிதம் எழுதியதில்லை. கேசட்டில் பேசி, லீவு முடிந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புவாள். கிரேசிக்கு அது தெரியும். கேசட் பேசுகிறது என்று புத்தி சொன்னது. அப்போது அந்தக் குரலுக்குப் பின்னால், தூரத்திலிருந்து, இன்னொரு குரல் கூப்பிட்டது.

"அக்கா! உப்பு எங்க வெச்ச?"

அது கிரேசியின் குரல்.

"இரு வரேன்டி" என்றாள் அக்கா. பிறகு மறுபடியும், "அப்புறம் கேளுங்க..." என்று தொடங்கினாள்.

கிரேசி கூடத்துக்குப் போனாள். ஆபிரகாம் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தான். கூடத்தில் ஓர் ஓசையும் இல்லை. அடுப்படியிலிருந்துதான் அக்கா பேசிக்கொண்டிருந்தாள், வேலை செய்துகொண்டே புருஷனுக்கு ஊர்க்கதை சொல்கிறவளைப் போல. அவன் உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது.

"மாமா."

அவன் கண் திறந்தான். கூச்சப்படவில்லை. "கேட்டியா? நீயும் அதுல கீற" என்று சொல்லி, கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டான். உப்பு எங்க வெச்ச. இரு வரேன்டி.

அன்றிலிருந்து தினமும் மதியம் அது நடந்தது. ஒருநாள் அடுப்படி, ஒருநாள் துவைக்கிற கல். ஞானம்மா முதலில் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு பழகிப்போய், மகள் குரலுக்கு "ஆமாடி" என்று பதிலும் சொல்ல ஆரம்பித்தாள். அக்கா கேணியைப் பற்றிப் பேசினாள், பக்கத்து வீட்டுச் சரோஜாவின் பிரசவத்தைப் பற்றிப் பேசினாள். கிரேசி குழம்பைக் கிளறியபடி, எந்த இடத்தில் அக்கா இருமுவாள், எந்த இடத்தில் தன் குரல் வரும் என்று காத்திருக்கப் பழகினாள். ஒருநாள் நிஜமாகவே உப்பு தீர்ந்துபோய், அம்மாவைக் கூப்பிட வாய் திறந்தாள். கேசட்டிலிருந்து அந்தக் கிரேசி முந்திக்கொண்டாள். கூடத்திலிருந்து ஆபிரகாம் மெல்லச் சிரித்தது கேட்டது. எந்தக் கிரேசிக்கு அந்தச் சிரிப்பு என்று இவளுக்குத் தெரியவில்லை.

பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்ததில் சில வாரம் தள்ளிப்போன இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. அந்தத் திங்கட்கிழமை கிரேசி அவன் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

அவன் திகைத்தான். "அந்த ஒயராலயா? அறுத்துடறேன். இப்பவே அருள்நாதன வரச் சொல்றேன்."

"அறுக்காதீங்க. அக்கா உங்ககூட பேசிக்கினே இருக்கட்டும். ஆனா அவ முன்னால பேசுவா, நான் பின்னால உப்பு கேட்டுக்கினே இருக்கணும். என்னால முடியாது மாமா."

ஆபிரகாம் டேப் ரெக்கார்டரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். அந்தப் பார்வையே அவளுக்குப் போதுமாக இருந்தது. பங்குச் சாமியாரிடம் அவளே போய்ச் சொல்லி மூன்றாம் ஓலையை நிறுத்தினாள். ஞானம்மா மகளின் கன்னத்தில் அறைந்தாள்; அன்றைக்கே வாலாஜாபாத்தில் இருந்த தங்கள் பழைய வீட்டுக்கு அவளோடு பஸ்ஸும் ஏறினாள்.

ஸ்ரீபெரும்புதூரில் டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் சின்னக் கம்பெனியில் கிரேசி வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே லேத் மெஷினில் நின்ற யேசுராஜைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

ஆபிரகாமை அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தாள், படப்பை பஸ் ஸ்டாண்டில். கன்னம் ஒட்டி, தலை முழுக்க நரைத்திருந்தது. அவன்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டான். குழந்தைகளை விசாரித்துவிட்டு, பஸ் கிளம்பும் நேரத்தில் ஜன்னலோரம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"ஓட்டி ஓட்டி அவ கொரலு தேஞ்சிப் போச்சி கிரேசி. இரைச்சல்தான் வருது. நீ கூப்புடறது மட்டும் இன்னும் கேக்குது."

பஸ் நகர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து யேசுராஜிடம், "மாமாவப் பாத்தேன், ரொம்ப எளைச்சிட்டாரு" என்றாள். மற்றதைச் சொல்லவில்லை.

அவள் பெண்களுக்கு அம்மாவிடம் ஒரு பழக்கம் விநோதமாகப் பட்டது. தண்ணீர் வேண்டுமா, கடைக்குப் போக வேண்டுமா, எதுவானாலும் அவள் அடுப்படியிலிருந்து குரல் கொடுக்க மாட்டாள். கொதிக்கிற குழம்பை இறக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்து தோளைத் தொட்டுத்தான் சொல்லுவாள்.